மலையேறிய கூலியும் மன்றமேறிய பேரனும்

திருவண்ணாமலைக்கு இருவகைக் கூட்டம் உண்டு. முழுநிலவு நாளில் வந்து குவியும் கூட்டம் ஒன்று. 217 அடி உயரக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வரும் அந்தக் கூட்டத்துக்குத் தனி இரயில் உண்டு, தனிப் பேருந்து உண்டு, வழியெல்லாம் சோறும் நீரும் உண்டு. மற்றொரு கூட்டம் இங்கிருந்து புறப்பட்டுப் போவது. செங்கம் பக்கத்திலிருந்தும் தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்தும், பானை சட்டியை மூட்டையாகக் கட்டி, பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு, பெங்களூருப் பேருந்துக்குக் காத்து நிற்கும் குடும்பங்கள். கட்டட வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற அவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பார் யாருமில்லை.

அருள் தேடி வருகிறவனைப் பாடிய புலவர்கள் ஆயிரம் பேர். கூலி தேடிப் போகிறவனைப் பாடியவர் எத்தனை பேர்? பாடியவரும் என்ன பாடினர்? அந்தக் கூலியின் பேரன் ஒருநாள் சட்டமன்றத்திலே உறுப்பினனாக நுழைந்தால் நாடு அவனை எப்படி வரவேற்கிறது? இந்த மூன்று வினாக்களையும் ஒன்றாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அழுத இலக்கியம்

நம் இலக்கியம் புலம்பெயர்ந்த உழைப்பாளியை முற்றிலும் மறந்துவிட்டது என்று கூறமாட்டோம். பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களுக்காகப் பாரதி உருகினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நெல்லைச் சீமைப் பெண்ணின் வாழ்வு சிதைந்த கதையைப் புதுமைப்பித்தன் 1935-இல் ‘துன்பக்கேணி’ என்ற பெயரில் எழுதினார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல், கங்காணியின் பசப்பில் மயங்கி மலையேறிய மக்களின் அவலத்தை 1969-இல் ஆங்கிலத்தில் நாவலாக்கினார். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். அதை அடியொற்றி 2013-இல் ‘பரதேசி’ என்ற திரைப்படமும் வந்தது.

மூன்றும் மதிக்கத்தக்க படைப்புகள். ‘விதிப்படி நடக்கும்’ என்று வேதாந்தம் பேசிக்கொண்டிருந்த நாட்டில், ‘இது விதியல்ல, வெள்ளை முதலாளியும் உள்ளூர்க் கங்காணியும் சேர்ந்து செய்த சதி’ என்று காட்டியது பெருந்தொண்டு. அதற்கு நம் நன்றி உண்டு.

ஆனால் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் திறனாய்வு என்ற சொல்லுக்கே பொருளில்லை. இவ்விலக்கியங்களில் கூலியாள் ஏமாற்றப்படுகிறான், அடிபடுகிறான், நோயுறுகிறான், மாள்கிறான். படிக்கிற நமக்குக் கண்ணீர் வருகிறது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஏட்டை மூடுகிறோம். செத்தவனுக்காக அழுவது எளிது. அவன் நம்மிடம் ஒன்றும் கேட்கமாட்டான். பிழைத்தவன் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை படித்து, பேரன் வந்து ‘எனக்கும் இந்த நாட்டில் ஒரு நாற்காலி உண்டு’ என்று கேட்கிறானே, அந்த அத்தியாயத்தை நம் எழுத்தாளர்கள் எழுதவில்லை. இரக்கம் காட்டத் தெரிந்த இலக்கியம் உரிமை பேசும்போது மட்டும் வாய் மூடிக்கொள்கிறது.

எழுதாத அத்தியாயம்

அந்த அத்தியாயம் கற்பனையல்ல. நம் எல்லைக்கு மறுபுறம் நடந்தது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம் என்றொரு தொகுதி. மூணாறுத் தேயிலைக் காடுகள் அதிலே அடங்கும். 1877-இல் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து மன்றோ என்ற வெள்ளையர் குத்தகையாகப் பெற்ற மலைகள் அவை. யானையும் அட்டையும் குளிரும் ஆண்ட அந்தக் காட்டைத் தோட்டமாக்கியவர்கள் பெரும்பாலும் நெல்லை, மதுரைச் சீமைகளிலிருந்து போடி வழியே மலையேறிய தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ஊரிலே நிலமற்றுச் சேரியிலே ஒதுக்கப்பட்டவர்கள்.

அவ்வாறு நெல்லையிலிருந்து குண்டளைத் தோட்டத்துக்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் பேரன் ஆ. ராஜா. சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 2021-ஆம் ஆண்டு நடந்த தேர்தலில், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தேவிகுளம் தொகுதியில், இந்தியப் பொதுவுடைமைக் கட்சி (மார்க்சிஸ்ட்) சார்பில் நின்று 7,848 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார்.

கூடை சுமந்தவர் பேரன் சட்டமன்றம் போனார்! மக்களாட்சியின் மாண்பே இதுதான் என்று மேடையிலே முழங்கலாம். முழங்கட்டும். அதன்பிறகு நடந்ததையும் நாம் கேட்க வேண்டும். அவரைப் பார்த்து மூன்று கேள்விகள் எழுந்தன. ‘உன் கடவுள் எது? உன் மதம் எது? உன் மண் எது?’

முதற் கேள்வி: உன் கடவுள் எது?

2021 மே 24-ஆம் நாள் ராஜா தமிழிலே உறுதிமொழி ஏற்றார். மஞ்சேசுவரம் உறுப்பினர் கன்னடத்திலே ஏற்றார். இருவரும் தம் மக்கள் பேசும் மொழியிலே பேசினர். போற்றத்தக்க செயல்.

அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை உறுப்பினருக்கு இரு வழி காட்டுகிறது. ‘கடவுளின் பெயரால்’ எனலாம். நம்பிக்கையில்லாதவர் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ எனலாம். ராஜாவின் கையிலே தரப்பட்ட தமிழ் வாசகத்தில் இரண்டுமே இல்லை! கடவுளும் விடுபட்டார், உறுதியும் விடுபட்டது. சட்டத்துறையின் மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை அது. எதிர்க்கட்சியினர் சுட்டிக்காட்டினர். உறுப்பினர் சூன் 2-ஆம் நாள் மீண்டும் உறுதிமொழி ஏற்றார். முறையான உறுதிமொழியின்றி அவையில் அமர்ந்த 5 நாள்களுக்கு, நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் 2,500 ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது.

சட்டம் சட்டந்தான், அதை நாம் குறை கூறவில்லை. கடவுள் பெயர் விடுபட்ட அந்த 5 நாளும் மலை சரியவில்லை, மழை பொய்க்கவில்லை என்பதை மட்டும் பகுத்தறிவாளர்கள் குறித்துக்கொள்ளலாம்! நாம் வருந்துவது வேறொன்றுக்கு. பல தலைமுறைகளாகத் தமிழர் உழைக்கும் மாநிலத்தில், அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் படிக்க வேண்டிய ஒரே ஒரு வாசகத்தைப் பிழையின்றித் தமிழாக்கித் தர ஓர் அரசுத் துறைக்கு இயலவில்லை. வாசகத்தைத் தயாரித்தது துறை; தண்டம் கட்டியது உறுப்பினர். சிறுபான்மை மொழிக்கு ஏட்டிலே இடமுண்டு, அக்கறையிலே இடமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இரண்டாம் கேள்வி: உன் மதம் எது?

தோற்ற வேட்பாளர் உயர்நீதிமன்றம் சென்றார். ராஜா கிறித்தவர், ஆகவே ஒதுக்கப்பட்ட தொகுதியில் நிற்கத் தகுதியற்றவர் என்பது வழக்கு. தேவாலயத்தின் பதிவேடுகள் வந்தன. திருமணப் படங்கள் வந்தன. 2023 மார்ச் 20-ஆம் நாள் கேரள உயர்நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை தந்தது. அதன்படி அவைக்குப் போகலாம், வாக்களிக்கலாகாது! ஒரு தொகுதி மக்களின் பேராளர் வாயிருந்தும் கையற்றவராக அமர்ந்திருந்தார். இறுதியில் 2025 மே 6-ஆம் நாள் உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத் தீர்ப்பை நீக்கி, தேர்தல் செல்லும் என்றது. ஐந்தாண்டுப் பதவியில் ஏறத்தாழ நான்காண்டு வழக்கின் நிழலிலே கழிந்தது.

இங்கே நாம் குறை கூறுவது நீதிபதிகளை அல்ல. அவர்கள் கையிலே தரப்பட்ட அளவுகோலை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருப்பவனே தாழ்த்தப்பட்டவன் என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தது. 1990-இல் பௌத்தரைச் சேர்த்தது. கிறித்தவரையும் இசுலாமியரையும் சேர்க்கவில்லை. இந்த மதத் தடையை நீக்கலாம் என்று இரங்கநாத் மிசுரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர்க்கும் இவ்வுரிமை வேண்டுமென்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19-இல் தீர்மானம் நிறைவேற்றியது.

எண்ணிப் பாருங்கள். சேரியிலே பிறந்தவன் தேவாலயம் போனால் தெரு மாறுகிறதா? கூலி உயர்கிறதா? பண்ணையார் எழுந்து நின்று ‘வாருங்கள் ஐயா’ என்கிறாரா? இல்லையே! தேவாலயத்தினுள்ளேயும் தனி வரிசை, தனிக் கல்லறை என்று சாதி தொடர்ந்து வந்து காலைக் கவ்விய ஊர்கள் தமிழ்நாட்டிலே உண்டு. சாதி மட்டும் மதம் மாறி உடன் வரும். சாதிக்கு மாற்றாகத் தரப்பட்ட சலுகை மட்டும் வாசலிலே நின்றுவிடுமாம்!

நம் மாவட்டத்து நிகழ்ச்சியொன்றை இதனருகே வைத்துப் பாருங்கள். தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில், தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டிருந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் நுழைந்தது 2023 சனவரி 30-ஆம் நாள். அதுவும் அதிகாரிகளும் காவலர்களும் புடைசூழ! அங்கே சட்டம் சொல்கிறது: ‘நீ இந்துவாக இருந்தால்தான் உனக்கு உரிமை.’ இங்கே ஊர் சொல்கிறது: ‘நீ இந்துவானாலும் உனக்கு வாயில் இல்லை.’ ஒருவன் எங்கேதான் போவான்? வணங்குகிறவனை வெளியே நிறுத்தும் ஊரும், வணங்காதவனை வெளியே நிறுத்தும் விதியும் ஒரே நாட்டிலே ஒருங்கே வாழ்கின்றன. சாதியால் விளைந்த தாழ்வுக்குச் சாதியே அளவுகோல் ஆகட்டும். சாமி ஏன் நடுவிலே வருகிறார்?

மூன்றாம் கேள்வி: உன் மண் எது?

ராஜாவின் குடும்பம் எப்போது மலையேறியது என்ற ஆண்டுக் கணக்கும் வழக்கிலே அலசப்பட்டது. காரணம், தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலந்தோறும் வேறு. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர் பிழைப்புக்காக மறு மாநிலம் போனால், அந்த உரிமையை அங்கே எடுத்துச் செல்ல இயலாது என்று உச்சநீதிமன்றம் 1990-இலேயே கூறியிருக்கிறது. பசி எல்லை தாண்டலாம். இழிவும் எல்லை தாண்டலாம். உரிமை மட்டும் எல்லைச் சாவடியில் இறங்கிக்கொள்ள வேண்டும்!

இந்தக் கேள்வி தேவிகுளத்துக்குப் புதிதன்று. மொழிவழி மாநிலம் பிரிந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்ற வழக்கில், ‘தோட்டத் தமிழர்கள் வந்துபோகும் கூலிகள், நிலையான குடிகள் அல்லர்’ என்ற வாதம் வலுவாக எழுந்தது. 1956 நவம்பர் 1-இல் அப்பகுதிகள் கேரளத்தோடு நின்றன. நாடு பிரித்த கதையை இங்கே மீண்டும் கிளற நாம் விரும்பவில்லை. அந்த வாதத்தின் உட்பொருளை மட்டும் பாருங்கள். காட்டை வெட்டியவன், செடியை நட்டவன், அங்கேயே பிறந்து அங்கேயே புதைந்தவன் ‘வந்துபோகிறவன்’. குத்தகைத் தாளிலே கையெழுத்திட்ட கம்பெனிக்கு மட்டும் நிலம் நிலையானது!

கடல் கடந்து பார்த்தால் கொடுமை இன்னும் பெரிது. இலங்கையில் 1947-இல் நடந்த தேர்தலில் மலையகத் தமிழரின் இலங்கை இந்திய காங்கிரசு 7 இடங்களை வென்றது. மறு ஆண்டே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. அம்மக்களில் மிகப் பலர் நாடற்றவராயினர். 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவர்கூட நாடாளுமன்றம் புக முடியவில்லை. உழைப்பாளியின் பேராளரை வாதாடி வெளியேற்றுவது ஒரு முறை. வாக்காளரையே அழித்துவிடுவது மறு முறை.

எவரும் கேட்காத கேள்வி

மூன்று கேள்விகளையும் கேட்டவர்கள் நாலாவதாக ஒன்றைக் கேட்கவில்லை. ‘உன்னை அனுப்பிய மக்கள் எப்படி வாழ்கிறார்கள்?’

லயம் என்ற வரிசை வீட்டிலே வாழ்கிறார்கள். வேலை உள்ளவரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். ஆகவே தாய் கூடையை இறக்கினால் மகளோ மருமகளோ அதைத் தூக்கியாக வேண்டும். ஒரு வீட்டைக் காட்டி அடுத்த தலைமுறையையும் கட்டிப்போடும் முறை இது. கங்காணி போனான், அவன் கயிறு போகவில்லை.

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, பெட்டிமுடியிலே மலை சரிந்து அந்த லயங்களின் மேல் விழுந்தது. 70 உயிர்கள் மண்ணுக்குள் போயின. மாண்டவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரத்தை வேராகக் கொண்ட குடும்பத்தினர்.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் சாலையிலே அமர்ந்தார்களே, நினைவிருக்கிறதா? 20 விழுக்காடு போனசு கேட்டார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். கம்பெனியை மட்டுமா எதிர்த்தார்கள்? தங்கள் பெயரால் நெடுங்காலம் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் ‘தள்ளி நில்லுங்கள்’ என்றார்கள். போனசைப் பெற்றே எழுந்தார்கள்.

இங்கேதான் நாம் நம்மையும் திருத்திக்கொள்ள வேண்டிய பாடம் இருக்கிறது. கூலி வீட்டுப் பிள்ளை உறுப்பினரானதும் மாலை போடுகிறோம், ‘ஏழை ஏறினான் அரியணை’ என்று கவிதை பாடுகிறோம். ஒருவர் ஏறியதால் ஒரு வகுப்பே ஏறிவிட்டது என்று மகிழ்ந்து வீடு திரும்புகிறோம். தவறு, தோழர்களே! பிறப்பை வைத்து ஒருவனைத் தாழ்த்துவது மூடத்தனம் என்றால், பிறப்பை மட்டும் வைத்து ஒருவனைப் போற்றுவதும் அதன் மறுபக்கமே. ராஜாவாயினும் வேறு எவராயினும், அவர் எந்த லயத்திலிருந்து வந்தார் என்பது அறிமுகம். அந்த லயத்துக்காக அவையிலே என்ன கேட்டார், என்ன பெற்றார் என்பதே மதிப்பீடு. அந்த மதிப்பீட்டைச் செய்யும் உரிமை கூடை சுமக்கும் பெண்களுக்கே முதலில் உண்டு. 2015-இல் அவர்கள் அதைச் செய்தும் காட்டினார்கள்.

நமக்கு ஒரு சோதனை

தேவிகுளத்தைப் பேசிவிட்டுத் திருவண்ணாமலையை மறப்பது அறமாகாது. 1957-இல் இந்த ஊர் தருமலிங்கத்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. கழகம் முதன்முதலாக நின்ற தேர்தலில் அங்கே சென்ற இருவரில் ஒருவர் அவர், மற்றவர் ஈ.வெ.கி. சம்பத். எளியவன் அவையேற முடியும் என்று அன்றே காட்டிய ஊர் இது. இன்று இந்த மாவட்டத்தின் 8 சட்டமன்றத் தொகுதிகளில் செங்கமும் வந்தவாசியும் தாழ்த்தப்பட்டோருக்கு உரியவை. இவற்றில் வேட்பாளரைத் தேடும்போது, எந்தக் கட்சியாயினும், செங்கற்சூளையிலும் கரும்புக் கொல்லையிலும் வளர்ந்த பிள்ளையைத் தேடுகிறதா? ‘எவ்வளவு செலவு செய்வாய்?’ என்ற கேள்வியைத்தானே முதலில் கேட்கிறது?

வேட்பாளர் கதை இப்படி; வாக்காளர் கதை இன்னும் மோசம். தேர்தல் நாளில் பெங்களூருச் சாரத்தின் மேல் நிற்பவன் வாக்களிப்பது எங்ஙனம்? வெளியூரில் இருப்போர் இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்கப் பொறியொன்று செய்திருப்பதாகத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. கட்சிகள் பல ஐயம் எழுப்பின. ஐயத்துக்குக் காரணங்கள் உண்டு; ஆனால் அதற்கு மாற்று என்ன என்று வற்புறுத்திக் கேட்டவர் அரியர். 2025 இறுதியில் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தியபோது, ‘வீட்டில் இல்லை’, ‘இடம்பெயர்ந்தார்’ என்ற தலைப்புகளில் தமிழ்நாட்டிலும் பெயர்கள் நீக்கப்பட்டன. கூலிக்குப் போனவன் வீட்டில் எப்படி இருப்பான்?

பேராளர் இல்லாத மக்கள் எப்படிச் சாகிறார்கள் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள், சேசாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் மாண்டனர். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றது காவல்துறை. திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களின் ஏழைகள் அவர்கள். மரத்தை விற்றுப் பணம் சேர்த்தவன் யார், அவர்களை அனுப்பிய தரகன் யார் என்ற கேள்விகளை நெஞ்சு கொதித்துக் கேட்க, அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் எந்த அவையிலே இருந்தான்?

இறுதியாகக் கசப்பான ஒன்று. மூணாற்றுத் தோட்டங்களில் இன்று அசாமிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். தமிழ்நாட்டின் ஆலைகளிலும் கட்டடங்களிலும் வயல்களிலும் வடபுலத்து உழைப்பாளர்கள் வேலை செய்கிறார்கள். 2023 மார்ச்சில் அவர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்ச் செய்தி பரப்பி அச்சமூட்டினர் சிலர். அது பொய்யென்று அரசு நிறுவியது. நன்று. ஆனால் ‘வடக்கன்’ என்று இழித்துப் பேசும் நாக்கு நம் தேநீர்க் கடைகளில் இல்லையா? இந்தியை ஆட்சியிலே திணிப்பவனை எதிர்ப்பது நம் கடமை. வயிற்றுக்காக வந்த பாட்டாளியைப் பழிப்பது எந்தக் கொள்கை? நம் பாட்டனை மூணாற்றிலே ‘பாண்டி’ என்று பழித்தபோது கொதித்தோமே, அந்தக் கொதிப்பு நியாயமானால் இந்தப் பழிப்பு அநியாயம்.

இன்னும் இரண்டு தலைமுறை கழித்து, இங்கே செங்கல் சுமக்கும் ஒடியப் பெண்ணின் பேரன் சென்னைக் கோட்டையில் உறுப்பினனாக நின்று, தன் தாய்மொழியிலே உறுதிமொழி ஏற்க விரும்பலாம். அவனுக்குப் பிழையற்ற ஒரு வாசகத்தை நாம் எழுதித் தருவோமா? அல்லது ‘உன் மண் எது?’ என்று கேட்போமா? அன்று நாம் தரும் பதிலே, இன்று தேவிகுளத்துக்காக நாம் பேசும் பேச்சு கொள்கையா, வெறும் குலப் பாசமா என்பதைக் காட்டும்.

இளைஞர்காள்! செய்ய வேண்டிய வேலை பெரிதன்று. ஆனால் உடனே வேண்டும். உங்கள் ஊரிலிருந்து கூலிக்குப் போன குடும்பங்கள் எத்தனை என்று கணக்கெடுங்கள். அவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். நீக்கப்பட்டிருந்தால் மீண்டும் சேர்க்க மனுக் கொடுங்கள். உடன் போன பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் இல்லையெனில் ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். வெளியிலிருந்து உங்கள் ஊருக்கு வந்த குடும்பத்தின் பிள்ளைக்கும் அதே உதவியைச் செய்யுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சிக் கொடியோடு வந்தாலும், இவர்களுக்காக அவையிலே என்ன பேசினீர் என்று கேளுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் கூலியின் சாவை மட்டும் எழுதி நிறுத்தாமல், அவன் பேரன் கேட்கும் கேள்வியையும் எழுதுங்கள். நம் ஏடுகள் அதற்கு இடம் தரும்.